பொன்னுத்துரை ஒரே வரியில்

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை நான் வாங்கிக் கட்டிக்கொண்டதில் பிறந்தது. குன்னூரில் மின்னூல் போடும் ஜெஸிந்தா, நான் அனுப்பிய கோப்பைப் பார்த்துவிட்டுப் போனில் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க சார், வரிக்கு வரி என்டர் தட்டியிருக்கீங்களே, இதென்ன டைப்ரைட்டருங்களா? பேரக்கூடப் பாதியில ஒடச்சு வெச்சிருக்கீங்க!"

உடைந்த பெயர் பொன்னுத்துரை. அது எனக்கு முன்பே ஒருவர் உடைத்ததுதான்.

2
முதல் தொடக்கம்: "நீலகிரியின் பனி போர்த்திய…" வேண்டாம். பனி வந்தால் என் கதை படுத்துவிடும்.

இரண்டாம் தொடக்கம்: 1974. இலங்கைத் தோட்டத்தை விட்டுக் கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாகப் பொன்னுத்துரையும் மனைவி கருப்பம்மாவும் தேவாலாப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு வந்தார்கள். ஆடி மழை. பட்டியலில் உள்ள ஆட்களை நேரில் காட்டினால் தொழிலாளர் குடியிருப்பில் ஒரு லைன் வீட்டுச் சாவி. முகாமில் தட்டச்சு செய்தவருக்கு ஓரத்தில் இடம் போதவில்லை:

கருப்பம்மா 26
பொன்னுத்
துரை 31

கிளார்க் நெல்சன் மூன்று பேரைத் தேடினார்.

"தொரை எங்கீங்க?"

"தொரை அங்க பங்களாவுல இருப்பாருங்க. அவரு எதுக்கு எங்களோட கப்பல் ஏறணும்?" என்றாள் கருப்பம்மா. (தோட்டத்தில் துரை என்றால் மேனேஜர். இதற்கு அடிக்குறிப்பு போட ஜெஸிந்தா விடவில்லை.)

"பொன்னுக்கு வயசு இல்லை. தொரைக்கு வயசு இருக்குது, ஆளக் காணோம்."

"ரெண்டும் நான்தாங்க ஐயா," என்றான் பொன்னுத்துரை.

முகாமுக்கு எழுதிப் பதில் வர மூன்று மாதம் ஆகும் என்றார் நெல்சன். கருப்பம்மாவுக்கு அது எட்டாவது மாதம்.

[நெல்சனைக் கொடியவராக்கப் பார்த்தேன், வரவில்லை. பட்டியலில் கை வைத்தால் வேலை போய்விடும் என்று பயந்த மனிதர். இருந்தாலும் எனக்கு அவர்மேல் கோபம்தான்.]

3
ஒரு முடிவு: நெல்சன் மனமிரங்கிப் பேனாவை எடுத்து… அவ்வளவு நல்லவர் என்றால் எனக்கு இங்கே என்ன வேலை?

இன்னொன்று: வேறொருவனைத் துரையாக நிறுத்துகிறார்கள். அவன் வீட்டில் பாதி கேட்பான்.

மூன்றாவதில் கருப்பம்மாவுக்கு மாட்டுக்கொட்டகையில் பிரசவ… அடித்துவிட்டேன். என்னால் முடியவில்லை.

4
என்டரையெல்லாம் எடுத்துவிட்டு, "இனி வரி எங்கே உடையும்?" என்று ஜெஸிந்தாவிடம் கேட்டேன்.

"படிக்கிறவங்க எழுத்த எத்தன பெருசா வெச்சிருக்காங்களோ, அதப் பொறுத்துங்க சார்."

ஆக, இனி என் கையில் இல்லை. இதோ, இந்த வாக்கியத்தில் நிற்கிற பொன்னுத்துரையைப் பாருங்கள். ஒரே வரியில் முழுசாக இருந்தால் நெல்சன் சாவியைக் கொடுத்துவிடுவார். உடைந்திருந்தால் எழுத்தைச் சின்னதாக்குங்கள். கண் வலிக்கும்தான், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். கருப்பம்மா மழையில் நிற்கிறாள்.