சீனி என்று முடியும் பட்டை

பர் துபாயில் கலீலுர் ரஹ்மானின் மளிகைக் கடையில் நாட்டு மருந்தும் உண்டு. 'மாஃபி' என்கிற அரபு 'இல்லை' மட்டும் கிடையாது. இல்லை என்று சொல்வது பக்கத்துக் கடைக்காரனுக்குச் செய்யும் தர்மம் என்பது அவர் கொள்கை.

அதனால்தான் ருமைஸா நேராக அங்கே வந்தாள். ஷார்ஜாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் சரித்திர டீச்சர். ஐரோப்பாவின் மறுமலர்ச்சிக் கால வைத்தியம் பாடம். அந்தக் காலத்து மருந்துகளை மேசையில் பரப்பிப் பிள்ளைகளுக்குக் காட்ட ஆசை. அடுத்த மாதம் அவளுக்கு நிக்காஹ். மாப்பிள்ளை கௌஸ் முகம்மது புஜைராவில் எண்ணெய்க் கிடங்கு ஒன்றில் இன்ஜினீயர்.

"மாமா, சைனா ரூட்டுன்னு ஒரு வேரு. ஹிந்தியில சோப்சீனிங்கிறாங்க. இருக்கா?"

"நம்ம பறங்கிப்பட்டை மா!" கலீல் டப்பாவைத் திறந்து, விறகுச் சிராய் போலிருந்த துண்டுகளைக் காட்டினார். "இது எப்படி பாடத்துக்குள்ள போச்சு?"

"ஐந்நூறு வருஷத்துக்கு முந்தி ஐரோப்பாவுல ஒரு வியாதி பரவுச்சு. கெட்ட சகவாசத்துல வர்றது. ஆம்பளைங்க வீட்டுல மறைச்சது. இத்தாலிக்காரன் அதை பிரெஞ்சு வியாதின்னான். பிரெஞ்சுக்காரன் நேப்பிள்ஸ் வியாதின்னான்."

"எவனும் சொந்தச் சரக்குன்னு ஒத்துக்கலை."

"ஆமா. நாம மட்டும் சும்மாவா? வெள்ளைக்காரப் பறங்கி தலையில கட்டி, பறங்கிப்புண்ணுன்னுட்டோம். பாதரசத்தைப் பூசிப் பல்லு கொட்டிக் கிடந்தவங்களுக்கு, சீனாவுலருந்து இந்த வேரு வந்துச்சு. விழுந்தடிச்சு வாங்கினாங்க."

சரக்கின் பெருமையைக் கேட்டால் கலீலுக்கு வாய் நிற்காது. இன்னார் வாங்கினார் என்று ஒரு பெயரைச் சொன்னால் எந்தச் சரக்கும் நகரும்.

"இப்பவும் கிராக்கிதான் மா. உன் மாப்பிள்ளையே போன வாரம் கால் கிலோ வாங்கிட்டுப் போனாரே!"

சொல்லி முடித்த பிறகுதான் சரக்கோடு சேர்த்து மாப்பிள்ளையையும் விற்றுவிட்டது உறைத்தது.

"இதையா?"

"இதை மாதிரி..."

"மாமா!"

"இதைத்தான்."

"என்ன சொல்லிக் கேட்டாங்க?"

"அக்கம்பக்கம் பாத்தாரு. காதுகிட்ட குனிஞ்சு, 'கட்டையா இருக்கும், சீனின்னு முடியும்'னாரு. குசுகுசுன்னு கேக்குற ஆம்பளைக்கு நான் வேற எதை எடுத்துக் குடுப்பேன்?"

ருமைஸாவின் கண் கலங்கிவிட்டது. "உம்மாகிட்ட சொல்லப் போறேன். இந்தக் கல்யாணம் ஃகலாஸ்."

கலீல் பேரத்தில் இறங்கினார். இத்தனை காலமும் விலையில்தான் பேசியிருக்கிறார். வியாதியில் பேசுவது இதுதான் முதல் தடவை.

"அவ்வளவு மேல போகாத மா. சொறி சிரங்கா இருக்கும். புஜைரா வேர்வை அப்படி."

"சொறிக்கு எதுக்கு ரகசியம்?"

"சரி, மூட்டு வலி. அதுக்கு யாரும் குடிக்கலையா அந்தக் காலத்துல?"

"ஒரு சக்கரவர்த்தி குடிச்சாரு."

"பாத்தியா! மாப்பிள்ளைக்கு ராஜ வியாதி."

"அவர் கிழவர் மாமா. இவங்களுக்கு முப்பதுகூட ஆகலை."

"அப்ப பாதியாக்கிக்க. லேசா ஒரு கால் குடைச்சல். இதுக்குக் கீழ எனக்குக் கட்டுப்படியாகாது."

அவள் அதற்குள் கௌஸை ஃபோனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள்.

"கலீல் மாமா கடையில நிக்கிறேன். போன வாரம் இங்க என்ன வாங்கினீங்க?"

"சொல்லிட்டாரா? யா அல்லா! உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னுதானே மெதுவாக் கேட்டேன்."

கலீல் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"எனக்கு ஏன் தெரியக் கூடாது?"

"பக்கத்துலயே உங்க உம்மா குங்குமப்பூ வாங்கிட்டு நின்னாங்க. கேட்டிருந்தா உங்ககிட்ட வந்து சொல்லியிருப்பாங்கல்ல?"

"எதைச் சொல்லியிருப்பாங்க?"

"நான் பிரியாணி பழகுறதை! கல்யாணத்துக்கு அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை திடீர்னு ஆக்கிப் போடலாம்னு இருந்தேன். ரூம்ல இருக்குற பட்டான் பாய், லீவுல போற அவசரத்துல சாமான் பேரு சொல்லிட்டுப் போனாரு. மரக்கட்டை மாதிரி இருக்கும், என்னமோ சீனின்னாரு."

"தால்சீனியா?"

"அதேதான்! முன்பாதி மறந்துபோச்சு."

"அது நம்ம கறுவாப்பட்டைங்க."

"பட்டையா? அதை முதல்லயே பட்டைன்னு சொல்லித் தொலைச்சா என்ன அந்த ஆளு! ஆனா கலீல் காக்கா சரக்கு சுத்த மோசம். அள்ளி அள்ளிப் போட்டேன், வாசமே வரலை. ரூம்ல எல்லாரும் மென்னு மென்னு பாத்தாச்சு."

ருமைஸா அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஏன் சிரிக்கிறீங்க? அப்ப நான் வாங்கினது என்னது?"

கலீல் இரண்டு கையையும் கூப்பினார். சொல்லாதே என்று தலையை ஆட்டினார்.

"நிக்காஹ் முடியட்டும்" என்றாள் ருமைஸா. "சொல்றேன்."