கேட்காத பக்கம்

ஜெர்மனியின் எசன் நகரத் திரையரங்கில் படம் முடிந்து விளக்குகள் எரிந்தபோது எவ்லின் தயங்கித் தயங்கி மேடையேறினாள். அங்கேயே வளர்ந்த தமிழ்ப் பெண் அவள், பல்கலைக்கழகத்தில் கொரிய மொழி படித்தவள்தான். ஆனால் மேடையில் நின்று ஒரு நடிகருக்கு மொழிபெயர்ப்பது இதுவே முதல் தடவை.

அதுவும் ஹான் ஜி-சொக்குக்கு. பல வருடம் தொலைக்காட்சித் தொடர்களில் கதாநாயகனின் நண்பனாகவே வந்துபோனவர் அவர். நாற்பது வயதில் கிடைத்த பொலிஸ் அதிகாரி வேடம் அவரைத் தூக்கிவிட்டது. பிறகு இரண்டு வருடம் ஆளையே காணவில்லை. குடி என்றார்கள், விவாகரத்து என்றார்கள். இப்போது ஒரு சின்னப் படத்தோடு திரும்பியிருந்தார். அடுத்து பெரிய தொடரொன்றில் அவர்தான் கதாநாயகன், ஒப்பந்தம் மட்டும்தான் பாக்கி என்று அவருடைய மேலாளர் ஓ என்ற அம்மையார் பெருமையாகச் சொன்னார்.

"எந்தக் காட்சி கடினமாக இருந்தது?" என்று ஒரு மாணவர் ஜெர்மனில் கேட்டார். எவ்லின் ஹானின் இடப்பக்கம் சாய்ந்து மெல்லிய குரலில் கொரிய மொழியில் சொன்னாள். ஹான் புன்னகைத்துவிட்டுத் தன் அம்மாவின் சமையலைப் பற்றிப் பேசினார்.

எவ்லினுக்குச் சந்தேகம் வந்தது. தான்தான் பிழையாகச் சொல்லிவிட்டாளோ? சாப்பாட்டுக் காட்சிதான் கடினமாம் என்று எதையோ ஒட்டவைத்துச் சமாளித்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் ஹானுக்கு விளங்கிவிட்டது. ஒலிவாங்கியைக் கீழே இறக்கினார்.

"இந்தப் பக்கம் வாருங்கள். இடது காது எனக்குக் கேட்காது. அந்த இரண்டு வருடமும் அதற்குத்தான் வைத்தியம். மேலாளருக்குக்கூடத் தெரியாது. தெரிந்தால் தொடர் கைவிட்டுப் போய்விடும்."

எவ்லின் வலப்பக்கம் மாறி நின்றாள். அதே நேரம் மூன்றாவது வரிசையில் ஒரு கை உயர்ந்தது. அவளுடைய அம்மா கொறற்றி! கொரியத் தொடர்கள் ஒன்றையும் விடாதவர். "நான் ஒண்டும் கேக்க மாட்டன் பிள்ளை, ஆளைப் பாத்திட்டு வாறன்" என்று சத்தியம் பண்ணித்தான் வந்திருந்தார்.

"முந்தி நீங்கள் கண்ணைப் பார்த்து நடிப்பீர்கள்," என்றார் கொறற்றி, தன் ஜெர்மனில். "இந்தப் படத்தில் எல்லாருடைய வாயையும் பார்க்கிறீர்கள். ஏன்?"

எவ்லின் ஓ அம்மையாரைத் திரும்பிப் பார்த்தாள். கேள்வியை மாற்றிவிடலாம். ஓ அம்மையாருக்கு ஜெர்மன் தெரியாது. யாரும் பிடிக்க மாட்டார்கள். ஆனால் இதில் முடிவெடுக்க தான் யார்? கேட்டதை அப்படியே அவர் காதில் சொன்னாள். "விருப்பமில்லாவிட்டால் வேறு ஏதாவது சொல்லுங்கள். நான் பார்த்துக்கொள்கிறேன்."

"யார் அவர்?"

"என் அம்மா."

ஹான் கொறற்றி இருந்த வரிசையைப் பார்த்தார். பிறகு ஒலிவாங்கியை உயர்த்தி, கொரிய மொழியில் எல்லாவற்றையும் சொன்னார். மேடையோரம் நின்ற ஓ அம்மையாரின் முகம் வெளிறியது.

"சொல்லவா?" என்றாள் எவ்லின்.

"சொல்லுங்கள்."

"எனக்கு ஒரு காது கேட்காது," என்று அவள் ஜெர்மனில் தொடங்கினாள். "அந்தப் பக்கத்திலிருந்து யாராவது பேசிவிடுவார்களோ என்று ஒவ்வொரு நாளும் பயந்து, எல்லாருடைய வாயையும் பார்த்துப் பார்த்தே நடித்தேன்." அவள் முடிப்பதற்குள் ஓ அம்மையார் கைபேசியோடு வெளியே போய்விட்டார்.

வாசலில் கொறற்றி கண் கலங்கி நின்றார். "நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். என்னால அவற்ற வேலை போயிடுமோ?"

"தெரியேல்லை அம்மா."

போய்த்தான் விட்டது. சில வாரங்களில் அந்தத் தொடருக்கு வேறொரு நடிகரின் பெயர் அறிவிக்கப்பட்டது. கொறற்றி கன நாள் தொலைக்காட்சியைப் போடவேயில்லை. பொறுக்க முடியாமல் எவ்லின் ஹானுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினாள்.

வசந்தகாலத்தில் பதில் வந்தது. "தொடர் போனது வலிக்காமல் இல்லை. இப்போது ஒரு புதிய இயக்குநரின் படத்தில் தகப்பனாக நடிக்கிறேன். முதல் நாளே எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். ஒரு வசனத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டால் இயக்குநருக்கு எரிச்சல் வருகிறது. அடுத்த படம் கிடைக்குமா தெரியாது. ஆனால் இப்போது இரவில் தூக்கம் வருகிறது. உங்கள் அம்மாவுக்குச் சொல்லுங்கள்."

எவ்லின் அதைத் தமிழில் வாசித்துக் காட்டினாள். கொறற்றி இரண்டாம் தடவையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.