ஒரு பிடி அலுமினியம்

கீழ்வானம் வெளுத்துக் கதிரவன் எழுந்த அளவில், தகரக் கூரைகள் நெருங்கிய அத்தொழிற்கூடத் தெருவில் கதவுகள் ஒவ்வொன்றாய்த் திறக்க, உலைகள் மூச்செறியத் தொடங்க, கையில் உணவுப் பெட்டியும் கண்ணில் மிச்சத் தூக்கமுமாய் ஆடவரும் பெண்டிரும் விரைந்துகொண்டிருந்தனர். தெருக்கோடியில் இருந்த வார்ப்படக் கூடத்தில் ஒருவர் மட்டும் எல்லார்க்கும் முன்னரே வந்து, முந்தினநாள் வார்த்த சிறு மூட்டொன்றை மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அன்புடையீர், அவர் அக்கூடத்தின் உருக்காளர். வெளிமம் என்று தூயதமிழில் வழங்கும் மக்னீசியத்தை இருபது ஆண்டாய் உருக்கி வார்ப்பவர். அவருடைய பன்னிரண்டு வயது மகளுக்கு நோயினால் வலக்கால் முழங்காலுக்கு மேல் எடுக்கப்பட்டிருந்தது. பொய்க்காலின் எஃகு மூட்டோ பத்தடி நடப்பதற்குள் அவளை மூச்சு வாங்க வைத்தது. எஃகினும் மிக இலேசான மக்னீசிய மூட்டு வார்த்துத் தருவதாய் வாக்களித்த தந்தை, மேலாளரின் கையைக் காலைப் பிடித்து ஒரேயொரு முறை உருக்கி வார்க்க இசைவு பெற்றிருந்தார். மக்னீசியத்துக்கு உரமூட்டச் சேர்க்கும் சிர்க்கோனியம் என்னும் உலோகமும் கூடத்தில் ஒருமுறை உருக்குவதற்கே எஞ்சியிருந்தது.

மக்னீசியம் தனித்து வார்க்கப்படின் உள்ளே பருமணிகளாய் இறுகி வலுக்குன்றும். சிறிதளவு சிர்க்கோனியம் சேர்ந்தால் மணிகள் நுணுகி வலுப்பெறும். வேறொரு வகைக் கலவையில் அலுமினியமும் அவ்வாறே உரமூட்டும். இரண்டையும் தனித்தனியே எண்ணற்ற முறை சேர்த்துப் பழகிய கை, மகளுக்கு என்றதும் மனம் கேளாமல், சிர்க்கோனியம் கலந்த உலோகக் குழம்பில் ஒரு பிடி அலுமினியத்தையும் அள்ளி இட்டிருந்தது. பிறர்க்கெனில் செய்திருப்பாரா? பாழாய்ப்போன பாசம் அவரைச் சும்மா விடவில்லை.

சோதனை முடியுமட்டும் பொறாமல், மகள் வந்ததும் மூட்டைப் பூட்டினார். அவள் முற்றத்தை ஒருமுறை சுற்றி வந்தாள், மூச்சு வாங்கவில்லை.

“கால் இருக்கிறதே தெரியலப்பா. இன்னொரு சுத்து போகட்டுமா?”

“போம்மா. மெதுவா.”

அவ்வேளை, மூட்டோடு உடன்வார்த்த சோதனைக் கோலை இழுத்து முறித்து, ஒரு துண்டை மெருகிட்டு உருப்பெருக்கியில் நோக்கிய கூடத்து ஆய்வாளராய் இருந்த, உருக்காளரின் தமக்கை வாயிலில் வந்து நின்றார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

“தம்பி, புள்ளைய உக்காரச் சொல்லு. பாதி பாரத்துலயே கோல் முறிஞ்சிருச்சு. உள்ள தூளுப்பு மாதிரி இருக்க வேண்டியது கல்லுப்பு மாதிரி இருக்கு. அலுமினியம் போட்டியா?”

“ஒரு பிடி. ரெண்டும் நல்லதுதானேக்கா.”

“தனித்தனியா நல்லதுதான். சேர்த்துப் போட்டா ஒண்ணையொண்ணு பிடிச்சுக்கிட்டு அடியில போய் உக்காந்துரும். மூட்டுக்குச் சிர்க்கோனியமே மிஞ்சல.”

“திரும்ப உருக்கிட்டா?”

“போனது வராதுடா. இனி சிர்க்கோனியத்துக்கு எங்க போவ?”

உருக்காளர் திருகுகோலை எடுத்துக்கொண்டு, முக்காலியில் அமர்ந்திருந்த மகளின் முன் மண்டியிட்டார். அத்தை கூறியதெல்லாம் அவள் செவியிலும் விழுந்திருந்தது.

“நான் ஓட மாட்டேன்ப்பா. சும்மா நடக்க மட்டும் செய்றேன்.”

அவர் திருகுகளை ஒவ்வொன்றாய்க் கழற்றினார்; அவள் தடுக்கவில்லை. பிறகு பழைய எஃகு மூட்டைத் தானே எடுத்து அவரிடம் நீட்டினாள்.

நல்லன எல்லாவற்றையும் ஒருங்கே தந்துவிடத் துடிக்கும் அன்பைப் பழிக்க நமக்கு நா எழுமோ? ஆயினும், அவர் தம் வாழ்நாளில் எவருக்கும் அத்துணைப் பரிவோடு வார்த்ததில்லை. அத்துணை நொய்மையாகவும் வார்த்ததில்லை.