ஒன்பதாவது மாடிக்கு வெளியே

கண் ஆஸ்பத்திரி வாசலில் மருமகனுக்காகக் காத்திருந்த மாமியார், தெருவில் போகிற அத்தனை பேரும் ஒரே பக்கமாக அண்ணாந்து பார்ப்பதைக் கவனித்தாள். போன வாரம்தான் அவளுக்கு வலது கண்ணில் புரை எடுத்திருந்தார்கள். இடது கண்ணுக்கு இன்னும் முறை வரவில்லை. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தானும் அண்ணாந்தாள். எதிரே இருந்த கண்ணாடிக் கட்டடத்தின் ஒன்பதாவது மாடிக்கு வெளியே, கம்பிவடத்தில் தொங்கும் இரும்புத் தொட்டில் ஒருபக்கமாகச் சரிந்து நின்றது. உள்ளே இரண்டு பேர், புள்ளி மாதிரி.

மருமகனுக்கு அந்தக் கட்டடத்தில்தான் வேலை. தொட்டிலில் தொங்கிக்கொண்டு வெளிப்பக்கக் கண்ணாடிகளைத் துடைப்பான். மதியத்தோடு முடித்துவிட்டு அவளை வீட்டுக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தான்.

சாலையை எப்படிக் கடந்தாளோ, வாட்ச்மேனிடம் போய் நின்றாள்.

"மேல யாருப்பா?"

"காத்து திடீர்னு தூக்கி அடிச்சிருச்சும்மா. ஒரு பக்கத்து மோட்டார் நின்னுபோச்சு. தீயணைப்புக்குச் சொல்லியாச்சு. நீங்க இங்க கட்டியிருக்கிற கயித்துக்கு இந்தப் பக்கம் வராதீங்க."

"யாருன்னு கேட்டேன்!"

"ஒருத்தன் நெட்டையன், புதுப் பையன். இன்னொருத்தர் நம்ம உடும்பு."

வேலையிடத்தில் மருமகனுக்கு அதுதான் பெயர். பிடித்தால் விடமாட்டான், எந்தச் சுவரிலும் ஒட்டுவான் என்று வைத்தது. மாமியார் பக்கத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து மகள் போன் செய்தாள். தையல் கம்பெனியில் மிஷினில் உட்கார்ந்திருப்பவள். விஷயத்தைச் சொன்னால் ஊசிக்கடியில் விரலை விட்டுவிடுவாள் என்று தோன்றியது.

"கண்ணைப் பாத்துட்டாங்களாம்மா? அவர் வந்துட்டாரா?"

"ம்... கண் முன்னாடிதான் இருக்காரு."

"போனைக் குடு அவர்கிட்ட."

"இப்ப முடியாது. மேல போயிருக்காரு. வந்ததும் பேசச் சொல்றேன்." பொய் ஒன்றும் சொல்லவில்லை.

காற்று மறுபடி வீசியது. தொட்டில் சுவரில் மோதிய ஓசை கீழே வரை கேட்டது. கூட்டம் 'ஐயோ' என்றது.

மகள் இவனைத்தான் கட்டுவேன் என்று நின்றபோது, "சொந்தம்னு சொல்லிக்க ஒரு காக்கா குருவிகூட இல்லாதவன்" என்று மாமியார் மூக்கைச் சிந்தினாள். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் என்று வந்தது உடன் வேலை செய்யும் இரண்டு பேர்தான். அதில் ஒருவன் தன்னைச் சித்தப்பா என்று அறிமுகம் செய்துகொண்டான். மாப்பிள்ளையைவிட வயதில் சின்னவன்.

மருமகனுக்குத் தாய் போனது நினைவு தெரியாத வயதில். அப்பா மாமன் வீட்டில் விட்டுவிட்டு, அடுத்த வாரம் வருகிறேன் என்று போனவர்தான். மாடிப்படிக்குக் கீழே படுக்கை. வீட்டில் எல்லோரும் தின்று முடித்தபின், மிச்சம் இருந்தால் சாப்பாடு. அடுப்படிச் சாவி அத்தைக்காரியின் இடுப்பை விட்டு இறங்கியதில்லை. ஒருநாள் பசி தாங்காமல் ஜன்னல் வழியே ஏறி உள்ளே இறங்கியவனுக்கு மாமன் போட்ட சூடு, இன்றும் முழங்கைக்கு மேல் இருக்கிறது. அன்றைக்கு வீட்டை விட்டு ஓடியவன் பேருந்து கழுவினான், மூட்டை சுமந்தான், சுண்ணாம்பு அடித்தான். ஏற ஆள் கிடைக்காத இடத்துக்கெல்லாம் அவனைக் கூப்பிட்டார்கள், ஏறினான்.

இதெல்லாம் அவனாக அவளிடம் சொன்னதில்லை. அவள் புருஷன் படுத்த படுக்கையாகக் கிடந்த காலத்தில், வேலை விட்டு வந்ததும் அவரைத் துடைத்து, துணி மாற்றி, நகம் வெட்டிவிடுவான். அப்போது அவரிடம் கதைபோலச் சொல்வான், சிரித்துக்கொண்டே. கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டவள் இவள்.

ஏழு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறான். இன்னமும் எல்லோருக்கும் முன்னால் எழுந்து பாயைச் சுருட்டி வைத்துவிடுவான், யாரோ வந்து போகச் சொல்லிவிடுவார்கள் என்பதுபோல.

தீயணைப்புக்காரர்கள் வந்து கட்டடத்துக்குள் ஓடினார்கள். சற்று நேரத்தில் ஒன்பதாவது மாடிக் கண்ணாடி ஒன்று உடைந்து சில்லுகளாகக் கொட்டியது. உள்ளேயிருந்து கைகள் நீண்டன. தொட்டிலிலிருந்து ஒரு உருவம் உள்ளே போயிற்று. கண்ணை எவ்வளவு இடுக்கிப் பார்த்தும் மாமியாருக்கு ஆள் தெரியவில்லை.

"தம்பி, போனது யாரு? சொல்லேன்!"

"நெட்டையன்மா, மேலேருந்து போன்ல சொல்றாங்க. பையன் பயந்து கம்பியை விடவே மாட்டேன்னுட்டான். உடும்புதான் கையைப் பிரிச்சு, தூக்கி விட்டாரு."

"நீயும் உள்ள போயேன்டா!" என்று மேலே பார்த்துக் கத்தினாள். மருமகனை அவள் 'வாங்க, போங்க' தவிர வேறு விதமாக அழைத்ததே இல்லை.

அவள் வாய் மூடவில்லை, தொட்டிலின் தாழ்ந்த முனை படாரென்று இன்னும் கீழே இறங்கியது. ஒரு வாளி கழன்று விழுந்து தரையில் நசுங்கியது. இடுப்பில் மாட்டிய பாதுகாப்பு பெல்ட்டில் தொங்கிய உருவம் காற்றில் ஒரு சுற்றுச் சுற்றியது. மாமியார் கண்ணை மூடிக்கொண்டாள். அழக்கூடாது, கண் கெட்டுவிடும் என்று டாக்டர் சொன்னது ஞாபகம் வர, அழுதாள்.

"உள்ள இழுத்துட்டாங்கம்மா! கண்ணைத் திறங்க, உள்ள இழுத்துட்டாங்க!" வாட்ச்மேன் அவள் தோளை உலுக்கினான்.

லிப்டில் ஏற மாட்டேன் என்று படியிறங்கியே வந்தானாம் மருமகன். உள்ளங்கை இரண்டும் தோலுரிந்து சிவந்திருந்தன. சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை.

"உயிரை வாங்கிட்டீங்களே மாப்பிள்ளை. அந்தப் பையனை முதல்ல அனுப்பணும்னு என்ன தலையெழுத்து?"

அவன் வாசல்படியில் சரிந்து உட்கார்ந்தான்.

"அவன் அழுதான் அத்தை. அம்மா அம்மான்னு கூப்பிட்டு அழுதான். எனக்குப் பாத்துக்கிட்டிருக்க முடியல." சற்று நிறுத்தினான். "அவன் போனப்புறம்தான் எனக்குப் பயம் வந்துச்சு. யாரைக் கூப்பிடறதுன்னு தெரியல, எந்தப் பேரும் வாயில வரல."

மாமியார் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் மணிக்கட்டைப் பிடித்து, தோலுரிந்த கையைத் தன் மடிமேல் வைத்துக்கொண்டாள். வீட்டுக்குப் போக வண்டி வரும்வரை அந்தக் கையை அவள் விடவில்லை.

சாயங்காலம் விஷயம் தெரிந்த மகள் வீட்டை இரண்டாக்கினாள். கண் முன்னாடியா இருந்தார் என்று அம்மாவை ஒரு பிடி பிடித்தாள். இனி அந்த வேலைக்குப் போனால் பார் என்று புருஷனை ஒரு பிடி. கைப்புண் ஆறியதும் அவன் வேலைக்குக் கிளம்பினான். வேறு வேலை அவனுக்குத் தெரியாது. சும்மா உட்கார்ந்து சாப்பிட அதைவிடத் தெரியாது.

மாமியார் தடுக்கவில்லை. "கீழ இறங்கினதும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லிடுங்க மாப்பிள்ளை" என்றாள்.

சொல்கிறான். தினமும் மதியம் கடந்ததும் போன் வரும். "இறங்கிட்டேன் அத்தை," அவ்வளவுதான். ஆனாலும் ஜன்னல் கதவு காற்றில் லேசாக அடித்துக்கொண்டால் போதும், அந்தக் குரல் கேட்கிற வரைக்கும் அவளுக்கு ஒருவாய் தண்ணீர் இறங்குவதில்லை.