மொழிபெயர்ப்பாளர் பணியிடம் ஒன்று

செனோவியா ஏழாவது படியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மாடியிலிருந்து ரெமிஹியோ எட்டிப் பார்த்தான்.

"செனோ, மாப்பை வச்சிட்டு மேல வா. உங்க மலைப்பக்கத்து ஆளு ஒருத்தர் வந்திருக்காரு. வக்கீலம்மா ஸ்பானிஷ்ல கேக்குறாங்க, அவரு எல்லாத்துக்கும் தலையாட்டுறாரு."

"உங்க அம்மாவும் கெச்சுவாக்காரிதானே, நீ பேசேன்."

"எனக்கு அந்த மொழியில திட்டத்தான் தெரியும். வா சீக்கிரம்."

பிளீச்சிங் தண்ணீரில் வெளுத்துச் சுருங்கியிருந்த கைகளை ஏப்ரனில் துடைத்தபடி அவள் ஏறினாள். சான் லாசரோ நீதிமன்றக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் விசாரணைக் கூடங்கள். மேலே இலவசச் சட்ட உதவி அலுவலகம். மூன்று அறைகள், இரண்டு வக்கீல்கள், எழுத்தர் ரெமிஹியோ. செனோவியா துப்புரவு ஒப்பந்தக்காரரின் ஆள்.

வக்கீல் இஸ்மேனியாவின் மேசைக்கு எதிரே அறுபது வயதுக்காரர் ஒருவர் நாற்காலியின் நுனியில், தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உச்சுபம்பாவைச் சேர்ந்த மெல்ச்சோர். ஆடு மேய்ப்பவர். செனோவியா கெச்சுவாவில் வணக்கம் சொன்னதும் எழுந்தே நின்றுவிட்டார்.

"உக்காருங்கண்ணே. என்ன நடந்துச்சு, மெதுவா சொல்லுங்க."

"ஊர்த் திருவிழா தாயி. ரெண்டு நாளா குடி. எங்கயோ விழுந்து கிடந்தேன். எந்திரிச்சுப் பாத்தா மலையே கறுப்பா இருக்கு. சர்க்கார் நட்ட பைன் கன்னெல்லாம் போச்சு. நான்தான் தீ வச்சேனாம்."

செனோவியா அதை ஸ்பானிஷில் சொல்லி முடிப்பதற்குள் இஸ்மேனியா பேனாவை எடுத்தாள். "அப்ப தீ வச்சதை ஒத்துக்கறாரா?"

"இல்ல வக்கீலம்மா. 'வச்சேன்'னு சொல்லல, 'வச்சேனாம்'னு சொல்றாரு. எங்க பேச்சுல வார்த்தையோட வாலைப் பாக்கணும். கண்ணால கண்டதுக்கு ஒரு வாலு, அடுத்தவங்க சொல்லிக் கேட்டதுக்கு வேற வாலு. இவருக்கு ஒண்ணும் தெரியாது. ஊர்ல சொன்னதைச் சொல்றாரு, அவ்வளவுதான்."

இஸ்மேனியா காவல்துறைக் கோப்பைப் புரட்டினாள். 'நான்தான் தீ வைத்தேன்' என்று ஸ்பானிஷில் தட்டச்சு செய்திருந்தது. அடியில் மெல்ச்சோரின் பெருவிரல் ரேகை.

"இதுல என்ன எழுதியிருக்குன்னு தெரிஞ்சா ரேகை வச்சீங்க?"

செனோவியா கேட்டுச் சொன்னாள். "வைக்கச் சொன்னாங்களாம், வச்சாராம்."

ஆறு வருடமாக இப்படித்தான். வாரத்தில் மூன்று நாள், நான்கு நாள், மாப்பை வைத்துவிட்டு அவள் வருவாள். ஏப்ரனைக் கழற்றி ரெமிஹியோவின் நாற்காலியில் போட்டுவிட்டு விசாரணைக் கூடத்துக்குப் போவாள். திரும்பி வந்து விட்ட படியிலிருந்து துடைப்பாள். நீதிபதிகளும் பழகிப்போய், "அந்த அம்மா வரட்டும்" என்று காத்திருப்பார்கள். எந்தக் காகிதத்திலும் அவள் பெயர் இருந்ததில்லை.

அந்த வாரம் இஸ்மேனியா தலைநகருக்கு விண்ணப்பம் எழுத உட்கார்ந்தாள். கூடுதல் நிதி வேண்டும், இரண்டு மொழிபெயர்ப்பாளர் பணியிடங்கள் வேண்டும். ரெமிஹியோ மூன்று வருடக் கோப்புகளைத் தரையில் பரப்பி எண்ணினான். நானூற்றுப் பன்னிரண்டு விசாரணைகள்.

"'இதுவரை சேவையை வழங்கியவர் யார்'னு ஒரு கட்டம் இருக்கு வக்கீலம்மா. என்ன போட?"

"உண்மையைப் போடு."

"போட்டா, அதான் ஆள் இருக்கேம்பாங்க."

"போடாட்டி நானூத்துப் பன்னண்டும் ஊமை பாஷையிலயா நடந்துச்சும்பாங்க. போடு."

செனோவியா ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இஸ்மேனியா அவள் பக்கம் திரும்பினாள். "ரெண்டுல ஒண்ணு உனக்குத்தான் கேக்கறேன், செனோவியா."

செனோவியா துடைத்த கண்ணாடியையே மறுபடியும் துடைத்தாள். மறுநாள் தன் நான்காம் வகுப்புச் சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்து ரெமிஹியோவிடம் கொடுத்தாள். "எதுக்கும் உங்கிட்ட இருக்கட்டும்."

நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது. இருக்கும் பணியாளர்களைக் கொண்டே சேவை தடையின்றி நடைபெறுவதால் கூடுதல் நிதிக்கான தேவை நிறுவப்படவில்லை. மேலும், துப்புரவுப் பணியாளர் ஒருவரை நீதிமன்றப் பணியில் ஈடுபடுத்தியதற்கு விளக்கம் அளிக்கவும்.

இஸ்மேனியா பதினாறு மணி நேரம் பேருந்தில் தலைநகர் லிமாவுக்குப் போனாள். இரண்டு நாள் அமைச்சகத் தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள் ஒரு பணியிடம் கிடைத்தது. பட்டம் வேண்டும், அரசுச் சான்றிதழ் வேண்டும். இன்னொரு தாளிலும் கையெழுத்துக் கேட்டார்கள்: இனி துப்புரவுப் பணியாளர் எவரும் விசாரணைகளில் பங்கேற்கமாட்டார். அது இல்லாமல் கோப்பு நகராது என்றார்கள். அவள் போட்டாள்.

திரும்பி வந்த அன்று காலை செனோவியா பின்கட்டுக் குழாயடியில் வாளி நிரப்பிக்கொண்டிருந்தாள். இஸ்மேனியா கோட்டைக்கூடக் கழற்றாமல் நேராக அங்கே வந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"நாலாங்கிளாசுக்கு ஒண்ணுமே இல்லியா வக்கீலம்மா?"

"சண்டை போட்டேன், செனோவியா. நடக்கல."

"சரி, ஆள் வருதில்ல. சனங்களுக்கு அது போதும்." குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்தில் இஸ்மேனியா அடுத்துச் சொன்னது காதில் விழவில்லை. அவள் திரும்பக் கேட்கவும் இல்லை.

புது மொழிபெயர்ப்பாளனாக ஃபாப்ரிசியோ வந்தான். இருபத்தேழு வயது, லிமாக்காரன், மடிப்புக் கலையாத சட்டை. கெட்டவன் இல்லை. முதல் நாளே செனோவியாவுக்கும் சேர்த்துக் காப்பி வாங்கி வந்தான்.

"எங்க பாட்டன் பூட்டன்லாம் மலைக்காரங்கதான் அக்கா. லிமா போனதும் வீட்ல அந்த மொழிய நிறுத்திட்டாங்க. நான் வகுப்புல படிச்சேன். இங்க ரொம்ப வேகமா பேசறாங்க."

"வேகமா இல்ல தம்பி. அவங்க பேசற மாதிரி பேசறாங்க."

மெல்ச்சோரின் வழக்கு ஆகஸ்டில் வந்தது. அவர் முந்தின நாளே நடந்து வந்து, அவித்த சோளமும் பாலாடைக்கட்டியும் கட்டிய துணி மூட்டையோடு வாசலில் காத்திருந்தார். செனோவியாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "நீதானே வர்ற, தாயி?"

"இல்லண்ணே. இப்ப சர்க்காரே ஆள் போட்டிருக்கு. படிச்ச பிள்ளை. எங்கிட்ட சொன்னதையே அவர்கிட்டயும் சொல்லுங்க."

விசாரணைக் கூடத்துக் கதவு மேல்பாதி கண்ணாடி. செனோவியா அதைத் துடைக்க எடுத்துக்கொண்டாள். உள்ளே மெல்ச்சோர் தொப்பியைக் கையில் பிடித்து நின்றபடி திருவிழாவிலிருந்து தொடங்கினார். ஃபாப்ரிசியோ குறிப்பெடுத்தான், இரண்டு முறை நிறுத்தச் சொன்னான், பிறகு நிமிர்ந்து ஸ்பானிஷில் சொன்னான்:

"திருவிழாவில் மது அருந்தியிருந்தார். தானே தீ வைத்ததாகச் சொல்கிறார்."

இஸ்மேனியா எழுந்தாள். "ஆட்சேபிக்கிறேன். மத்தவங்க சொல்றதா அவர் சொல்றாரு. மறுபடி கேக்கணும்."

மறுபடி கேட்டார்கள். மெல்ச்சோர் இன்னும் சத்தமாக, செவிடருக்குச் சொல்வதுபோல் அதையே சொன்னார். ஃபாப்ரிசியோவின் கழுத்து சிவந்தது. "ஆமாம். தீ வைத்ததாகச் சொல்கிறார்."

"வக்கீல் அவர்களுக்கு அந்த மொழி தெரியுமா?" என்றார் நீதிபதி.

"தெரியாது. எங்க அலுவலகத்துல தெரிஞ்சவங்க ஒருத்தங்க—"

"அது கூடாதுன்னு நீங்களே கையெழுத்துப் போட்ட கடிதம் இந்தக் கோப்புல இருக்கு. மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு வாங்கினதும் நீங்கதான்."

கதவு திறந்தது. துணியைக் கையில் வைத்துக்கொண்டே செனோவியா உள்ளே வந்திருந்தாள்.

"ஐயா, 'வச்சேனாம்'னு சொல்றாரு. அவரு பாக்கல ஐயா, ஊர்ல சொல்றாங்கன்னு—"

"இந்தம்மாவை வெளியே கூட்டிட்டுப் போங்க."

காவலர் அவள் முழங்கையைப் பிடித்தார். ஐந்து வருடமாகத் தினமும் அவளிடம் சூடாக ஒரு கிளாஸ் தேநீர் வாங்கிக் குடிப்பவர். "வா செனோவியா, எம் பொழப்பையும் கெடுத்துராத" என்றார் மெல்லிய குரலில்.

தீர்ப்புக்கு முன் ஒன்பது மாதச் சிறைக்காவல் என்று நீதிபதி உத்தரவிட்டார். மாகாணச் சிறைக்கு வண்டி பதினொன்றரைக்குக் கிளம்பும்.

செனோவியா முற்றத்தில் வண்டியருகே நின்றிருந்தபோது ஃபாப்ரிசியோ கையில் ஒரு படிவத்தோடு வந்தான். அவள் கண்ணைப் பார்க்கவில்லை.

"அக்கா, உத்தரவை நான் சொன்னேன், அவருக்கு விளங்கல. சிரிக்கறாரு. வீட்டுக்கு அனுப்பறாங்கன்னு நினைக்கறாருபோல. நீங்க ஒரு தடவை…"

வண்டியின் பின்பக்கக் கம்பிக்குள் மெல்ச்சோர் மூட்டையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். செனோவியா கம்பி அருகே முகத்தைக் கொண்டுபோய்ச் சொன்னாள். அவருக்குப் புரிய நேரமானது. இரண்டாம் தடவை சொன்னாள்.

"ஒன்பது மாசமா?" என்றார். "ஆடு பட்டியில அடைஞ்சு கிடக்கே தாயி. நாளைக்குக் காலையில தொறந்து விடறேன்னு சொல்லிட்டு வந்தேன்."

அவள் கம்பிக்குள் கையை விட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். டிரைவர் என்ஜினைக் கிளப்பினார்.

"படிவம் எங்கப்பா?" என்று காவலர் கை நீட்டினார். "அது இல்லாம வண்டி எடுக்க முடியாது."

ஃபாப்ரிசியோ சுற்றிலும் பார்த்தான். முற்றத்தில் மேசை ஏதும் இல்லை. வண்டியின் பக்கத் தகடு முழுக்கச் சேறு.

"அக்கா, முதுகைக் கொஞ்சம் குடுங்க."

செனோவியா மெல்ச்சோரின் கையை விடாமல் குனிந்தாள். 'உத்தரவு, கைதிக்கு அவருடைய சொந்த மொழியில், அரசு மொழிபெயர்ப்பாளரால் விளக்கப்பட்டது' என்ற வரிக்கு நேரே ஃபாப்ரிசியோ தன் பெயரையும் பதிவெண்ணையும் எழுதினான். ஸ்வெட்டரைத் தாண்டிப் பேனா அவள் தோள்பட்டைக்குக் கீழே ஒவ்வோர் எழுத்தாக நகர்ந்து, கடைசியில் ஒரு புள்ளி வைத்து அழுத்தியது.