கரண்ட் வைக்கும் அறை

சம்பத் மோட்டார் போடும் முறையே தனி. கொட்டகைக்குள் நுழைந்ததும் முதலில் துண்டால் இரண்டு கைகளையும் அழுந்தத் துடைப்பான். பிறகு காலில் ரப்பர் செருப்பு இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பான். இருப்பது தெரிந்தும் பார்ப்பான். கடைசியில், மூலையில் சாத்தி வைத்திருக்கும் காய்ந்த சவுக்குக் குச்சியை எடுத்து, எட்ட நின்று, அதன் நுனியால் பச்சைப் பொத்தானை அழுத்துவான். மோட்டார் உறுமியதும் வெளியே வந்துவிடுவான்.

வேறு யாராவது இப்படிச் செய்தால் பாலசமுத்திரமே சிரிக்கும். சம்பத்தைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. அதே கொட்டகையில்தான் அவன் தம்பி முனிரத்தினம் ஈரக் கையோடு ஒயரைத் தொட்டு விழுந்தான். பக்கத்து வேர்க்கடலைக் கொல்லையில் களை பிடுங்கிக்கொண்டிருந்த சம்பத்துக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. தண்ணீர் ஏன் நின்றது என்று பார்க்க வந்தபோதுதான் தெரிந்தது.

அது நடந்து நாலைந்து வருஷம் கழித்து, எழுபத்தெட்டாம் வருஷம், அவன் மனைவி அலர்மேல்மங்கைக்கு இடது மார்பில் ஒரு கட்டி கண்டது. வெட்கத்தால் அவள் புருஷனிடம்கூடச் சொல்லாமல் மறைத்தாள். ரவிக்கையில் நீர் கசிந்த பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது. திருப்பதிப் பெரிய ஆஸ்பத்திரியில் புற்றுநோய் என்றார்கள். அந்த மார்பையே எடுத்துவிட்டார்கள்.

தையல் பிரித்த அன்று டாக்டரம்மா சம்பத்தைக் கூப்பிட்டு, ஆபரேஷனோடு முடியவில்லை, வேலூருக்குப் போய் தினமும் ரேடியேஷன் வைத்துக்கொள்ள வேண்டும், நடுவில் விடக்கூடாது என்று சொன்னார்.

"சந்தேகம் ஏதாவது இருந்தா கேளுங்க" என்றார்.

சம்பத் துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, "ஒண்ணும் இல்லீங்க" என்றான். தாலுகா ஆபீஸிலும் அவன் அப்படித்தான் சொல்வான், பாங்கிலும் அப்படித்தான் சொல்வான். வெளியே வந்ததும் பக்கத்துக் கட்டில்காரியிடம், "ரேடியேஷன்னா இன்னாம்மா?" என்று கேட்டான்.

"கரண்ட் வைக்கிறத்தான் அப்டி சொல்றாங்க" என்றாள் அவள்.

சம்பத் துண்டை எடுத்து இரண்டு கைகளையும் அழுந்தத் துடைத்தான்.

ஆபரேஷனுக்குப் பிறகு மங்கைக்கு இடது கை தலைக்கு மேலே தூக்க வரவில்லை. அதனால் காலையில் அவளுக்குத் தலை வாரிவிடுவது சம்பத்தின் வேலையாயிற்று. வேலூருக்கு முதல் தடவை புறப்பட்ட அன்றும் அவன்தான் வாரினான்.

"மெதுவா மாமா. மாட்டுக்கா மூக்கணாங்கயிறு போடற?"

"மாடு இவ்ளோ பேசாது."

அவள் சிரித்தாள். அவள் முகம் வெளிறிக் கிடந்ததைப் பின்னால் நின்ற அவன் பார்க்கவில்லை.

வேலூரில் அவள் மார்பில் தழும்பைச் சுற்றி ஊதா மையால் கோடு போட்டார்கள். அந்தக் கோடு அழியக்கூடாது, அந்தப் பக்கம் தண்ணீர் படக்கூடாது என்று நர்ஸ் இரண்டு தரம் சொன்னாள். பிறகு மங்கையை ஓர் அறைக்குள் அழைத்துப் போனார்கள். கதவு ஒரு முழம் தடிமன் இருக்கும். அவளைப் படுக்க வைத்த கையோடு, உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்தினார்கள். மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. உள்ளே ஏதோ உறுமுகிற சத்தம் கேட்டது. சம்பத் சுவரில் சாயவும் பயந்து, கைகளை அக்குளில் வைத்துக்கொண்டு நடைவழி நடுவில் நின்றான்.

கதவு திறந்து மங்கை நடந்தே வந்தாள். "ஒண்ணும் தெர்ல மாமா. சும்மா படுத்துக்கினு இருந்தேன்" என்றாள்.

பஸ்ஸில் வரும்போது சம்பத் யோசித்துக்கொண்டே வந்தான். முனிரத்தினமும்தான் ஒரு சத்தம் போடவில்லை. நல்லது என்றால், வைக்கிறவர்கள் ஏன் எல்லாரும் வெளியே ஓடி வருகிறார்கள்? இவளை மட்டும் ஏன் உள்ளே வைத்துப் பூட்டுகிறார்கள்?

மறுநாள் வேலூர் பஸ்ஸுக்காகச் சித்தூரில் இறங்கினார்கள். வேலூர் பஸ் புறப்படத் தயாராக நின்றது. கண்டக்டர் "வேலூரு, வேலூரு" என்று கத்திக்கொண்டிருந்தான். சம்பத் மனைவியை நிழலில் உட்காரவைத்துவிட்டு, "விசாரிச்சிட்டு வரேன்" என்று போனான். சற்று நேரத்தில் திரும்பி வந்தான்.

"வேலூர்ல கரண்ட் கட்டாம், மங்கா. மிஷின் ஓடாதாம். ரெண்டு மூணு நாளு ஆவுமாம்."

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். "அப்டியா?" என்று மட்டும் கேட்டாள். வந்த வழியே ஊருக்குத் திரும்பினார்கள்.

இரண்டு மூன்று நாள் என்பது ஒரு வாரத்தைத் தாண்டியது. அவள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அவள் கேட்காமல் இருந்தது சம்பத்துக்கு முதலில் நிம்மதியாக இருந்தது. பிறகு அதுவே பயமாயிற்று. அவள் இருமினால் கொல்லையிலிருந்து ஓடிவந்தான். கரண்ட் வைத்தாலும் போய்விடுவாள், வைக்காவிட்டாலும் போய்விடுவாள் என்று மனசு ஒரே செக்கைச் சுற்றி வந்தது.

ஒரு நாள் காலை தலை வாரும்போது அவள் முந்தானை சரிந்தது. ஊதாக் கோடுகள் போட்ட அன்றைக்கு இருந்தது போலவே இருந்தன. வியர்வையில்கூட மங்கவில்லை.

"நீ குளிக்கலயா?"

"இந்தப் பக்கம் தண்ணி ஊத்தல. துணிய நனைச்சி சுத்தி தொடச்சிக்கிறேன். கோடு அழிஞ்சிடுமே."

"கரண்ட் கட்டே தீரல. கோடு எதுக்கு?"

அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "கட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல மாமா. சித்தூர்ல நீ யாரையும் கேக்கல. டீக்கடைக்குப் பின்னால போய் நின்னுக்கினு இருந்துட்டு வந்த. நான் பாத்துக்கினுதான் இருந்தேன்."

சீப்பு அவன் கையிலேயே நின்றது. "அப்ப ஏன் கேக்கல?"

"எனக்கும் பயம்தான். நீ கூட்டிக்கினு போவலன்னா சரி, போவாம இருந்துடலாம்னு இருந்தேன். ஆனா கோட்ட அழிக்கவும் பயமா இருந்துச்சி. இத அழிச்சிட்டா நான் சாவத்தான் போறேன்னு நானே ஒத்துக்கின மாதிரி ஆயிடும்."

வாசலில் களிச்சட்டியோடு சென்னம்மா நின்றிருந்தாள். முனிரத்தினத்தின் பெண்டாட்டி அவள். தெலுங்கு வீட்டுப் பெண்; புருஷனின் அண்ணனைப் 'பாவா' என்றுதான் கூப்பிடுவாள். பக்கத்து வீட்டில்தான் இருந்தாள். பேசியதெல்லாம் அவள் காதில் விழுந்துவிட்டது.

"அக்கா, சூடா இருக்கப்பவே துன்னு" என்று சட்டியை வைத்துவிட்டு, அவள் சம்பத்தின் பக்கம் திரும்பினாள். "ஏன் பாவா, வேலூர்ல கரண்ட்டு இல்லன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு இருக்கீங்க. எங்க அண்ணன் முந்தாநேத்து அங்கதான் சினிமா பாத்துட்டு வந்தான். படத்த கையால சுத்துனாங்களா?"

சம்பத் தலையைத் தொங்கப் போட்டான். "உனக்குத் தெரியாததா சென்னம்மா? முனிரத்தினத்த நான்தானே தூக்கினேன். இவளையும் அதே கரண்ட்டுக்குக் கொண்டுபோயி எப்டி குடுப்பேன்?"

சென்னம்மா முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டாள்.

"அன்னிக்கி மோட்டார் நின்னுபோச்சி. லைன்மேன் வரட்டும், கேட்டுட்டு தொடுங்கன்னு நான் சொன்னேன். 'இதுக்குப் போயி அவன கேக்கணுமா'ன்னு உங்க தம்பி போனாரு. கரண்ட்டு அவர கொல்லல பாவா. கேக்காததுதான் கொன்னுது. இப்ப நீங்களும் யாரையும் கேக்கல. அவரு கேக்காம தொட்டாரு, நீங்க கேக்காம விட்டுட்டீங்க. எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது."

சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். மங்கை களியைத் தொடவில்லை.

"வாரி முடி மாமா" என்றாள். "பஸ்ஸுக்கு நேரமாவுது."

வேலூரில் டாக்டர் அவர்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருக்கும் என்று சம்பத்துக்குத் தோன்றியது. "நடுவுல விட்டது நல்லதில்ல. விட்ட நாளுக்கும் சேத்து வைக்கலாம். குணமாகும்னு நம்புவோம்" என்று மட்டும் சொன்னார்.

மிஷின் அறையில் வேலை பார்த்தவர் கிருபானந்தம். சித்தூர் கிறிஸ்தவ மிஷன் காம்பவுண்டுக்காரர். சம்பத் அவர் முன்னால் போய் நின்றான். துண்டு அக்குளுக்குப் போயிற்று. 'ஒண்ணும் இல்லீங்க' என்று வாய் தானாக வரப்பார்த்தது. விழுங்கிக்கொண்டான்.

"ஐயா, ஒரு சந்தேகம். இந்தக் கரண்ட்டு ஷாக் அடிக்காதா? அடிக்காதுன்னா நீங்க எல்லாம் ஏன் வெளிய ஓடி வரீங்க?"

கிருபானந்தம் சிரிக்கவில்லை. "நல்ல கேள்வி கேட்டீங்க. கரண்ட்டுன்னு சனங்க சொல்றதுதான். இது ஒயர்ல வர்ற கரண்ட்டு இல்ல, கதிரு. நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுத்தாங்களே, அப்ப ஷாக் அடிச்சதா? இதுவும் அந்த ஜாதிதான், பலம் மட்டும் ஜாஸ்தி. மிச்சம் மீதி இருக்கிற புத்து நோய சாவடிக்கும். தோலு கருக்கும், அசதியா இருக்கும், அவ்ளோதான். உங்க சம்சாரத்துக்கு இது மருந்து, அளந்து வைக்கிறோம். நான் தெனமும் எத்தினி பேருக்கு வைக்கிறேன்? ஒவ்வொருத்தரோடயும் உள்ள நின்னா எனக்கு அது மருந்தா இருக்காது, வெசமாயிடும். அதான் வெளிய வரேன்."

"உள்ள அவளுக்கு ஏதாவது ஆச்சின்னா?"

"இந்தக் கண்ணாடி வழியா பாத்துக்கினேதான் இருப்பேன். கைய தூக்கினா நிறுத்திடுவேன்."

அன்று கதவு மூடும்போது சம்பத் நடைவழி நடுவில் நிற்கவில்லை. பெஞ்சியில் உட்கார்ந்து முதுகைச் சுவரில் சாய்த்தான். பயம் போகவில்லை. உள்ளங்கை வியர்த்துக்கொண்டேதான் இருந்தது.

தினமும் போனார்கள். மங்கையின் தோல் கருத்தது. படி ஏறினால் அவளுக்கு மூச்சு வாங்கியது. அவள் பிழைப்பாளா என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. ஆனாலும் ஒரு நாளும் சித்தூரோடு திரும்பவில்லை.

ஒருநாள் பெஞ்சியில் பக்கத்தில் ஒருவன் வந்து உட்கார்ந்தான். விஜயபுரத்து விவசாயி. அவன் பெண்டாட்டிக்கு அன்றுதான் கோடு போட்டிருந்தார்கள். அவன் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணா, உள்ள கரண்ட்டு வைக்கிறாங்களாமே. ஊருக்கே கூட்டிக்கினு போயிடலாமான்னு இருக்குது" என்றான்.

சம்பத் அவன் பக்கம் திரும்பினான். "எனக்கும் அப்டித்தான் இருந்துச்சி. கூட்டிக்கினும் போயிட்டேன். விட்டுப்போன அந்த நாளுங்கள நெனச்சா இன்னும் எனக்குத் தூக்கம் வர்ல. பயப்படு தம்பி, தப்பில்ல. பொண்டாட்டிக்கி வியாதின்னா பயப்படாதவன் யாரு? ஆனா கேக்காம பயப்படாத. கேக்காத பயம் வியாதியவிட சீக்கிரமா ஆள கொன்னுடும். நம்ம வாயத் தொறக்க வெக்கப்பட்டு அவ உசுர குடுக்கக் கூடாது."

சிவப்பு விளக்கு அணைந்தது. கதவு திறந்து மங்கை சுவரைப் பிடித்தபடி வந்தாள். சம்பத் எழுந்து அவள் வலது கையைத் தாங்கிக்கொண்டான்.

விஜயபுரத்துக்காரன் அக்குளில் இடுக்கியிருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிருபானந்தத்திடம் போனான்.

"ஐயா, ஒரு சந்தேகம் கேக்கணும்."