டவாண்டா கடையில் கொடுத்த அடி

1
இந்தக் கதை என் கோழைத்தனத்தில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு விலையைக் குறைக்காதீர்கள். அமெரிக்காவில், மெம்ஃபிஸ் நகரத்தில் ஒரு கடை வரிசையில், பக்கத்து வீட்டு டவாண்டாவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அவள் தன் ஒன்பது வயது மகள் ஒடெசாவைப் பளாரென்று அறைந்தாள். நான் சூயிங்கம் உறையின் பின்புறத்தை ஊன்றிப் படித்தேன்.

2
முதல் தொடக்கம்: "டவாண்டா கோபக்காரி. அவளுடைய அம்மாவும்…"

[வேண்டாம். நாலாவது சொல்லிலேயே தீர்ப்பு எழுதிவிடுவீர்கள்.]

பிள்ளையை அடிக்கும் பெல்ட்டை அவள் குப்பையில் போட்டு ஆறு மாதமாகிறது. சனிக்கிழமைதோறும் தேவாலயத்தில் மற்ற பெற்றோரோடு உட்கார்ந்து, அடிக்காமல் வளர்க்கப் பழகிக்கொண்டிருந்தாள். "வெள்ளக்காரன் அடிக்கிறதுக்குள்ள நாம அடிச்சிரணும்னுதான் எங்கம்மா அடிச்சா. அது என்னோட முடியட்டும்" என்பாள்.

அன்று கடைக் காவலாளி அலமாரி அலமாரியாக அவர்கள் பின்னாலேயே வந்தான். கடைக்குள் கறுப்புப் பிள்ளைகள் பாக்கெட்டில் கைவிடக் கூடாது; இங்கே எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் இது சட்டம். வரிசையில் ஒடெசா கைவிட்டாள். அவன் கை இடுப்புத் துப்பாக்கிக்குப் போனது. டவாண்டாவின் கை முந்திக்கொண்டது.

"நல்லா வளர்க்கிறீங்க, மேடம்" என்றான் காவலாளி.

"ஒங்கிட்ட சர்டிஃபிகேட் கேட்டனா?"

3
(இதுவரை படித்த நண்பர், "அந்தம்மா திருந்தணும்" என்றார். திருந்த வேண்டியவர்கள் பட்டியலில் காவலாளி பேரே இல்லை! அவனுக்கு எந்தத் தேவாலயத்தில் சனிக்கிழமை வகுப்பு நடக்கிறதாம்?)

4
காருக்குள் நான் இல்லை. இது டவாண்டா சொன்னது. பின்சீட்டில் ஏறியதும் ஒடெசா இரண்டு கைகளையும் முன்சீட்டின் முதுகில் விரித்து வைத்தாள். போலீஸ் நிறுத்தினால் அப்படி வைக்கச் சொல்லிப் பழக்கியவளே டவாண்டாதான்.

"கையில ஒண்ணுமில்ல. பாக்கெட்டுல உதட்டுத் தைலம் இருக்கு. எடுக்கலாமா?"

"கண்ணு, நான் போலீஸ் இல்லடி. அம்மாடி."

"தெரியும்." கைகள் அசையவில்லை.

"பயந்துட்டேன். அடிச்சது என் தப்பு. மன்னிச்சிரும்மா."

"அந்தாளு தப்பு இல்லையா?"

டவாண்டா

5
இந்த வாக்கியத்தை முடிக்கப் பதினோரு தடவை முயன்றேன். ஒன்றில் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். மட்டமான சரக்கு, நானே வாங்க மாட்டேன். இன்னொன்றில் அவள் திரும்பிப் போய்க் காவலாளியின் சட்டையைப் பிடிக்கிறாள். அதை எழுதினால் அடுத்த வரியில் அவளுக்கு விலங்கு மாட்ட வேண்டும். எனக்கு மனசு வரவில்லை.

அவள் என்ன பதில் சொன்னாள் என்பது எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். பிள்ளை கேட்ட கேள்விக்கு அம்மா மட்டும் எதற்குப் பதில் சொல்ல வேண்டும்? நீங்கள் சொல்லுங்கள். சீக்கிரம். கைகளை ஒடெசா இன்னும் இறக்கவில்லை.